நாலாவது மாடியில் ஒருவர்

சென்ற மாதம் முழுக்க ஒரு கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. அலிப்பூரில், வங்காளிகள் நிறைந்த ஆறு மாடி ஆபீஸ் ஒன்று.

'கட்டடத்தை கம்ப்யூட்டரில் கட்டுகிறேன் என்கிறீர்களே, அது என்ன வேலை?' என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இதுதான்... சுவர் எத்தனை கனம், ஜன்னல் எந்தத் திசை, எந்த மணிக்கு எத்தனை பேர் என்று சாஃப்ட்வேரில் கொடுத்தால், வருடம் முழுக்க ஏ.சி.க்கு எவ்வளவு கரண்ட் போகும் என்று சொல்லிவிடும். அதை நிஜ மீட்டரோடு ஒப்பிட வேண்டும்.

ஐந்து மாடிகள் பொருந்திவிட்டன. நாலாவது மட்டும் அடம்பிடித்தது. ஆறு மணிக்கு ஆபீஸ் முடிந்துவிடும் என்றார்கள். அதற்குமேல் ஆள் பூஜ்யம் என்று போட்டிருந்தேன். மீட்டரோ தினமும் எட்டரை வரை ஓடியிருந்தது.

"மெஷின் பழசு மேடம். மாத்திடலாமா?" என்றார் மேனேஜர்.

அவசரப்படாமல், ஒரு நாள் ஆறரைக்கு நானே போய்ப் பார்த்தேன். மாடி முழுக்கச் சில்லென்று ஏ.சி. வரிசையாகக் காலி நாற்காலிகள். கோடியில், ஃபைல்களுக்கு நடுவே ஒரே ஒருவர். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அம்மா போன். "சாப்பிட்டேன்மா" என்று வழக்கமான பொய்யைச் சொல்லி வைத்தேன்.

"தமிழா நீங்க?" எழுந்தே நின்றுவிட்டார் அவர்.

ரெக்கார்டு செக்‌ஷன் சேகர். ஆபீசுக்கு சேகர்தா, அதாவது சேகர் அண்ணா. அப்பா கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் இருந்தவர். இவர் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேயே.

"என் தமிழ் கொஞ்சம் பாங்கா... உடைஞ்ச தமிழ். வைஃப் இருந்தவரை பேசினேன். அவ போய் ரெண்டு வருஷம்."

"வீட்டுக்குப் போகலையாண்ணா?"

"போனா பூட்டை நானே திறக்கணும்மா. ஆறு மணிக்கு அது முடியல. எட்டரைக்கு டயர்டா இருக்கும்... யோசிக்காம திறந்துடுவேன்."

ஒற்றை ஆளாக இந்த ஊரில் குப்பை கொட்டுகிற எனக்கு அது புரியாதா?

வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "ரிப்போர்ட்ல எழுதுவியா?"

"எழுதணும்ணா. பேர் எழுத மாட்டேன்."

மறுநாள் பூஜ்யத்தை அழித்து ஒன்று என்று போட்டேன். ஏ.சி. எட்டரை வரை. ஓட்டிப் பார்த்தால், மீட்டர் கோடும் என் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. வழக்கமாகத் துள்ளிக் குதிப்பேன். அன்று முடியவில்லை.

மெஷினில் கோளாறு இல்லை. ஆறுக்குமேல் ஒருவர் இருக்கிறார். அவருக்காக மாடி முழுக்கக் குளிர வேண்டாம், சின்ன அறை ஒன்றில் ஃபேனும் லைட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்தேன்.

"ஒருத்தரா? யாரு?" என்றார் மேனேஜர்.

"யாருன்னு சாஃப்ட்வேர் கேக்காது சார்."

சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. கரண்டும் மிச்சம், மனுஷரும் பத்திரம்!

போன வாரம் சரிபார்க்கப் போனேன். ஆறு மணிக்கு ஏ.சி. டாண் என்று நின்றது. அரை மணி கழித்து அந்தச் சின்ன அறையை எட்டிப் பார்த்தால்... இருட்டு.

"சேகர்தா இப்பல்லாம் ஆறு மணிக்கே கிளம்பிடறார்" என்றார் வாட்ச்மேன்.

அவருக்கே போன் போட்டேன்.

"லேக் மார்க்கெட்ல காபி குடிக்கிறேன்மா. அந்த ரூம்ல உட்கார முடியல. ஏ.சி. ஓடினா, அந்தச் சத்தத்துல ஆபீஸ் நடக்கிற மாதிரி இருக்கும். பக்கத்து சீட்ல எல்லாரும் இருக்கிற மாதிரி. ஃபேனுக்குக் கீழே... நான் மட்டும்தான்."

அவருக்கு உட்கார ஓர் இடம் போதும் என்று நானாக முடிவு செய்துவிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்தக் கடைக்கும் என் வீட்டுக்கும் இரண்டே தெரு. "அங்கேயே இருங்கண்ணா, வரேன்."

ஏ.சி. இல்லாத கடை. வியர்த்துக் கொட்டியது — இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.