வைஸுக்கு ஒரு கொய்யாக் கைப்பிடி

வெயில் ஏற ஏறத் தகரக் கூரை ‘டப் டப்’பென்று சத்தம் போடும், அதன் கீழே, கிரீஸும் இரும்புத்தூளும் கலந்த வாடைக்குள் நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். காளவாசலில் எங்கள் வீட்டை ஒட்டி அப்பா வைத்திருந்த ஜன்னல் கிரில் பட்டறை அது. அந்தக் கோடை விடுமுறையில் அங்கே வேலையை நிறுத்திவிட்டு அவர் துபாய்க்குப் போயிருந்தார். மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்த அம்மாவுக்கு விடுமுறையிலும் ஆபீஸ் உண்டு, ஆகவே பத்து வயதுக்காரியான எனக்குப் பேச்சுத்துணை எதிர்வீட்டு டிவி சத்தம்தான்.

அப்பா புறப்பட்ட அன்று அவர் காலைக் கட்டிக்கொண்டு, “ஏம்ப்பா போறீங்க?” என்று கேட்டேன்.

“வைஸ் கைப்பிடி ஒடஞ்சு போச்சுல்ல தாயி, அது இல்லாம அப்பா எப்படி வேல பாக்குறது?” என்றார்.

இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ‘வைஸ்’ஸைத் திருகுகிற கம்பி அது, உண்மையாகவே முறிந்துதான் கிடந்தது. நான் நம்பிவிட்டேன். கைப்பிடி வந்தால் அப்பா வந்துவிடுவார், அவ்வளவுதான் என் கணக்கு.

முதலில் முருங்கைக் கிளையை வெட்டிய மேதாவி நான். ஒரு திருகுக்கே ‘படக்’கென்று போனது. பிறகு பக்கத்து வீட்டுக் கொய்யாவில் காய்ந்த கிளையொன்றை ஒடித்து, கண்ணாடிச் சில்லால் தோலைச் சீவி, வாசல்படி சிமெண்டில் நாள்கணக்காகத் தேய்த்து, வைஸின் திருகுத் துளைக்குள் நுழைகிற பருமனுக்குக் கொண்டுவந்தேன். நழுவி விழாமலிருக்க இரண்டு முனையிலும் பழைய செருப்பு ரப்பரை வட்டமாக நறுக்கி மாட்டினேன். திருகியதும் வைஸின் வாய் மெல்லத் திறந்தது. பார்க்க ஆளில்லாவிட்டாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் அப்பா போன் செய்வார். அந்த வாரம் அம்மாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கி, “கைப்பிடி செஞ்சுட்டேன்ப்பா, எப்ப வாரீங்க?” என்றேன்.

“எந்தக் கைப்பிடி தாயி?”

போனை அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். “என்னடி சொன்னாரு?” என்றதற்கு, “ஒண்ணுமில்ல” என்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் தனியாக இருந்திருக்கிறேன்; அன்று அம்மா பக்கத்தில் நின்றபோது இருந்த தனிமை வேறெங்கும் வரவில்லை.

அப்பா ஒரேயடியாக ஊர் திரும்பியபோது நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். வைஸ் பழைய இரும்புக்குப் போனது. பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள், கொய்யா மரத்தையும் காணோம். எனக்குக் கோயம்புத்தூரில் வேலை, மகன் இங்கே என் அம்மா அப்பாவிடம் இருக்கிறான். ஞாயிறு சாயங்காலம் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறும்போது, என் அப்பாவின் கையைப் பிடித்தபடி அவன், “ஏம்மா போற?” என்கிறான். அப்பா ஏதோ விளையாட்டாகச் சொல்ல வாயெடுப்பார். “வேலைக்குடா, சம்பளத்துக்கு” என்று நான் முந்திக்கொள்வேன். அழுகிறான். அழுதுவிட்டுப் போகட்டும், என்னை வரவழைக்க அவன் எதையும் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.