கத்திரி வெயிலில் நிறுத்திய ஊசி

சளிப் பரிசோதனையின் முடிவைக் கேட்கத் திருச்சிக்குப் போனவர்கள் அப்பா, அண்ணி, நான். நோயாளியான அண்ணன் வரவில்லை. எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டப் போயிருந்தார். ஒரு நாள் நின்றால் மேஸ்திரி வேறு ஆளைச் சேர்த்துவிடுவார். இருமிக்கொண்டே அவர் வெட்டிய கூலியில்தான் நான் கல்லூரியில் விலங்கியல் படித்தேன்.

டாக்டர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். "காசநோய்க் கிருமி ஊசிக்கும் அடங்கல, மாத்திரைக்கும் அடங்கல. நடுவுல நிறுத்துனீங்களா?"

"கத்திரி போகட்டும்னு இருந்தோங்க. ஊசி சூடு. அவன் வெயில்ல கிடக்குறவன்" என்றார் அப்பா.

"படிக்காத ஜனங்க" என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார், நான் அவர் வீட்டு ஆள் என்பதுபோல.

அந்தக் கோடையில் காய்ச்சல் விட்டு, அண்ணனுக்குச் சதை பிடித்திருந்தது. மருந்தை நிறுத்தி நுங்கும் நீராகாரமும் கொடுத்தார்கள். விடுமுறைக்கு வந்த நான் தடுத்தேன். கிருமி மருந்தைக் கண்ட பிறகு மாறுகிறதா, மாறிய கிருமி முன்பே உள்ளே இருக்கிறதா என்று விஞ்ஞானிகள் வெகுநாள் சண்டை போட்டார்கள். முன்பே இருக்கிறது என்றுதான் சோதனைகள் காட்டின என்று எங்கள் பேராசிரியர் சொல்லியிருந்தார். ஒரு மருந்துக்குத் தப்புவதை இன்னொன்று கொல்லும். அதனால்தான் சேர்த்துத் தருகிறார்கள். இதை வீட்டில் விளக்கினேன்.

அண்ணன் சிரித்தார். "கோடிக் கிருமியில ஒன்னு மட்டும் வெவரமா இருக்குங்குற. நம்ம வூட்டுல நீ இருக்குற மாதிரி."

அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "ஒம் புஸ்தகத்துல கத்திரி வெயிலு அடிக்குதாடா?"

கத்திரி முடிந்ததும் அண்ணி அவரை அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஊசி மருந்து வரவில்லை, மாத்திரையை மட்டும் முழுங்குங்க என்று அனுப்பிவிட்டார்கள். ஆடி முடியும்வரை அதே பதில். ஒற்றை மருந்துக்குத் தப்பிய கிருமியெல்லாம் அதற்குள் பெருகியிருக்க வேண்டும். பிறகு ஊசி வந்தது. மாத்திரை ஏற்கெனவே தோற்றிருந்ததால் அதுவும் அவற்றின் முன்னால் தனியாகத்தான் நின்றது.

இதைத்தான் திருச்சி டாக்டரிடம் சொன்னேன். "நாங்க நிறுத்துனது மூணு வாரங்க சார். ஆஸ்பத்திரியில ஊசி இல்லாம நின்னது அதவிடக் கூட."

"அத எங்கிட்ட கேட்டா நான் என்னப்பா செய்ய?" அப்போது புதிதாக வந்திருந்த ரிஃபாம்பிசினை எழுதிக் கூடவே இன்னொரு மருந்தும் எழுதினார். "வெளியிலதான் வாங்கணும். வெல கூட."

வெளியே வந்ததும் அண்ணி கேட்டார்: "இது கேக்குமா தம்பி?"

"கேக்கும் அண்ணி" என்றேன். கிருமியைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

மருந்துப் பணத்துக்காக, உடையார்பாளையத்துப் பக்கம் இருந்த எங்கள் முந்திரிக்கொல்லையை வரதராஜன்பேட்டை வியாபாரி ஒருவர் எடுத்துக்கொண்டார். புது மருந்தில் அண்ணனுக்குச் சிறுநீர் செம்மண் தண்ணியாகப் போனது. "இதுவும் சூடுதான்" என்றாள் அம்மா. ஆனால் இந்த முறை யாரும் நிறுத்தவில்லை. மாசியில் எடுத்த சளியில் கிருமி இல்லை. நுரையீரலும் மிச்சமில்லை. பங்குனியில் இறந்தார்.

மீந்த மாத்திரைகளை மருந்துக்கடையில் திரும்ப வாங்க மாட்டோம் என்றார்கள். கொல்லையும் அண்ணியின் தோடும் விற்ற பணத்தில் மருந்து, பஸ் செலவு, காரியச் செலவு எல்லாமாக ஐயாயிரத்து முந்நூறு ரூபாய்.