பாஸ்வேர்டு அடிக்கும்போது

தொண்ணூறுகளின் பிற்பாதி. அடையாறில் நான் பாடம் நடத்திய கல்லூரிக்கு அப்போதுதான் இணையம் வந்திருந்தது. கல்லூரி மொத்தத்துக்கும் ஒரே லைன், ஒரே மின்னஞ்சல் முகவரி, ஒரே பாஸ்வேர்டு. அந்தப் பாஸ்வேர்டு கம்ப்யூட்டர் அறைப் பொறுப்பாளருக்கு மட்டும்தான் தெரியும். அவர் அதை அடிக்கும்போது நாம் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தலை நரைத்த பேராசிரியர்கள், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் மாதிரி, செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து சுவரைப் பார்த்து நிற்பார்கள். த்தூ!

ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எனக்கு ஆய்வு செய்ய இடம் கொடுத்திருந்தது. வருகிறேன் என்று அன்று மாலைக்குள் மின்னஞ்சலில் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஊரில் பிரௌசிங் சென்டர்கள் முளைக்காத காலம். அண்ணன் கொடுத்த பழைய லேப்டாப்பில் பதிலை வீட்டிலேயே அடித்து, அபிராமபுரத்திலிருந்து ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். கல்லூரி லைனில் செருகி அனுப்பிவிட்டால் போதும்.

"சொந்த மிஷினா? வைரஸ் கிய்ரஸ் வந்தா யார் மேடம் பொறுப்பு?" என்று முனகிக்கொண்டே பொறுப்பாளர் மூக்குப்பொடியை உறிஞ்சினார். அதே விரல்களை என் லேப்டாப்பின்மேல் வைத்தார்.

"திரும்பிக்கோங்க."

திரும்பினேன். மோடம் கிறீச்சிட்டு இணைந்தது. அந்த நேரம் பார்த்து ஆபீஸில் யாரோ அதே லைனில் இருந்த போனை எடுக்க, இணைப்பு போச்சு. மறுபடி பொடி, மறுபடி சுவர். மறுபடியும் கட். பட்டன்களின் இடுக்கெல்லாம் பழுப்புத் தூள்.

மூன்றாம் முறை அவர் திரும்பச் சொன்னபோது, "மாட்டேன் சார். என் லேப்டாப்புக்கு முன்னாடி நான் ஏன் திரும்பி நிக்கணும்? நான் என்ன திருடியா?" என்றேன்.

"அப்ப கனெக்ஷன் இல்ல. ரூல்ஸ்."

தன் முறைக்காக ஏற்கெனவே சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்த எங்கள் துறைத் தலைவர், தலையைக்கூடத் திருப்பாமல் பேசினார். "ஏம்மா வம்பு பண்றே? செத்த நாழி திரும்பிண்டு நின்னா என்ன கொறைஞ்சுடப் போறது? நாங்கள்லாம் நிக்கலையா?"

பொறுப்பாளரைவிட அவரைப் பார்க்கத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. லேப்டாப்பை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தி. நகரில் தெரிந்தவர் ஒருவரின் கம்பெனியிலிருந்து அனுப்பலாம் என்று ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் பூட்டிவிட்டார்கள்.

அடுத்த வாரம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாணவிகள் பார்த்துக்கொண்டிருக்க, வராந்தாவில் பொறுப்பாளர் என்னை வழிமறித்தார்.

"அச்சச்சோ, அந்த சீட்டை வேற யாருக்கோ குடுத்துட்டாங்களாமே மேடம்?"

கல்லூரி முகவரிக்கு எனக்கென்று வந்த மின்னஞ்சல் அது. நான் இன்னும் படித்திருக்கவில்லை.