தலைகீழ் ராஜாவுக்குச் சந்தனப் பொட்டு

என் கணவருக்குத் தபால்தலைப் பைத்தியம் கல்யாணத்துக்கு முன்பே இருந்ததாம். பெண் பார்க்க வந்தபோது சம்பளம், கோத்திரம், மாதுங்காவில் இரண்டு அறை எல்லாம் சொன்னார்கள். இதை மட்டும் யாரும் சொல்லவில்லை. வந்த முதல் வாரம் துணி ஊறப்போட வாளியை எடுத்தால், அதில் பல தேசத்து ராஜாக்களும் ராணிகளும் மிதந்துகொண்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. மறுவாரமே நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்ததும் அவர் தாராவிக்குப் போவார். அங்கே ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி பழைய காகிதக் கிடங்கு வைத்திருந்தார். ஃபோர்ட் பக்கத்து ஆபீஸ்களின் குப்பையெல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். அதில் தபால்தலை ஒட்டிய உறைகளைப் பொறுக்கி எடைக்கு வாங்கி வருவார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் அலுமினியப் பேசினில் தண்ணீர் வைத்து இருவரும் உட்காருவோம். அவர் உறையின் மூலையை வெட்டிப் போடுவார். ஊறினதும் உரித்து, செய்தித்தாளில் கவிழ்த்துக் காயவைப்பது என் வேலை. வாரம் முழுக்க வாயைத் திறக்காத மனுஷர் அந்தப் பேசினுக்கு முன்னால் மட்டும் பேசுவார். மானேஜர் எப்படித் தும்முவார் என்று நடித்துக் காட்டுவார். எங்கே இருக்கிறதென்றே தெரியாத தேசத்தில் காலையில் என்ன சாப்பிடுவார்கள் என்று நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். அப்போது எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த மத்தியானங்கள் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தன.

வினை ஞாயிறு காலையில் இருந்தது. மாதுங்காவில் ஒருவர் வீட்டுக் கூடத்தில் தபால்தலைக்காரர்கள் கூடுவார்கள். அரிய சரக்கு வைத்திருப்பவர்களுக்கு நாற்காலி. எடைக்கு வாங்குகிறவர்களுக்கு வாசலோரம் ஜமக்காளம். யாரும் சட்டம் போடவில்லை, தானாகவே அப்படி அமைந்துவிட்டது. பல வருஷம் ஜமக்காளத்தில் உட்கார்ந்த என் கணவருக்கு, ஒரு மழைக்காலத்தில் திடீரென்று முதுகு வலிக்க ஆரம்பித்தது.

ஃபோர்ட்டில் ஒரு வியாபாரி அதற்கு மருந்து வைத்திருந்தான். "ஏக்தம் ரேர் பீஸ், சாப்", ரொம்ப அபூர்வம் என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டான். ஏதோ ஒரு சமஸ்தானத்துத் தபால்தலை. அச்சடித்தவனின் கவனக்குறைவால் ராஜா தலைகீழாக இருந்தார். அதற்குத்தான் அந்த விலையாம். என்ன விலை என்று எழுத மாட்டேன். அந்த வருஷம் தீபாவளிக்கு நான் பழைய புடவையைக் கட்டிக்கொண்டேன், அது போதும். எவனோ ஒருவன் வேலையில் செய்த தப்புக்கு இவ்வளவு கொடுக்கிறவர், என் ரசத்தில் உப்பு ஒரு கல் கூடினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

பின்பக்கத்துக் கோந்து கலையாமல் இருக்கிறதென்று அதற்குத் தனியாக ஒரு விலை. எங்கேயும் ஒட்டக் கூடாத தபால்தலைக்குக் கோந்து எதற்கு என்று கேட்டேன். "உனக்குப் புரியாது" என்றார். உண்மைதான், இன்றுவரை புரியவில்லை.

ராஜா பீரோவுக்குள் குடிபுகுந்தார். என் பட்டுப்புடவைகள் டிரங்குப் பெட்டிக்குப் போயின. மழை ஈரத்தோடு பேசின் ஈரமும் சேர்ந்தால் கோந்து கெட்டுவிடும் என்று ஞாயிற்றுக்கிழமை பேசின் நின்றது. தாராவிப் பக்கமும் அவர் போகவில்லை. நாற்காலி கிடைத்தது. ஆனால் வீட்டில் பீரோவைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். நான் அருகே போனால், "மூச்சு விடாதே, தள்ளி நில்லு" என்பார். ஒரு காகிதத்துண்டு எனக்குச் சக்களத்தியாக வரும் என்று எந்த ஜோசியனும் சொல்லவில்லை.

சரஸ்வதி பூஜை வந்தது. பலகையில் சுலோகப் புத்தகம், டிக்‌ஷனரி, பேனா, ஆல்பம், பூதக்கண்ணாடி எல்லாம் வரிசையாக அடுக்கினார். பிறகு பீரோவைத் திறந்தார்.

"அதை எதுக்கு எடுக்கறேள்? உள்ளேயே இருக்கட்டுமே."

"நன்னா இருக்கு! இருக்கறதுலயே ஒசத்தியானதை ஒளிச்சு வெச்சா சரஸ்வதி என்ன நினைப்பா?"

உறையிலிருந்து ராஜாவை இடுக்கியால் எடுத்து ஆல்பத்தின் மேல் வைத்தார். மந்திரம் ஆரம்பமானது. மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, குங்குமம் வைத்து, வருஷா வருஷம் செய்கிற பழக்கத்தில் விரல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. சுலோகப் புத்தகத்துக்கு ஒரு பொட்டு, டிக்‌ஷனரிக்கு ஒரு பொட்டு, பேனாவுக்கு ஒரு பொட்டு, ராஜாவுக்கும் ஒரு பொட்டு. அவர் தலைகீழாக இருந்ததால் நெற்றியில் விழவேண்டியது தாடியில் விழுந்தது.

மந்திரம் பாதியில் நின்றது.

"ஏன்னா, ஈரம் ஊறறதுக்குள்ள எடுத்துத் துடைச்சுடுங்கோ."

கை நீண்டது, பாதியில் நின்றது. "பூஜையில வெச்சாச்சு. நாளைக்குக் காலம்பற புனர்பூஜை ஆகாம தொடப்படாது."

"நான் தொடறேன். பாவம் என்னையே சேரட்டும்."

"கூடாதுன்னா கூடாது."

சாயங்காலம் முழுக்க அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். சுண்டலுக்கு வந்த பக்கத்துவீட்டு மாமி கண் கலங்கிப்போய், "என்ன பக்தி பாரேன், உங்காத்துக்காரருக்கு!" என்றாள். நான் சுண்டலைக் கொடுத்துவிட்டுச் சமையலறையில் போய்ச் சிரித்தேன். திரும்பி வந்து அவர் முதுகைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பாவமாக இருந்தது.

காலையில் எடுத்தபோது சந்தனம் ஏடாக உதிர்ந்தது. மஞ்சளும் சிவப்பும் உள்ளே இறங்கியிருந்தன, கோந்து ஆல்பத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வியாபாரி ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, "பூஜா கர் லியா, சாப்? அப் மந்திர் மே ஹீ ரக்கோ" என்று திருப்பிக் கொடுத்தானாம். கோயிலிலேயே வைத்துக்கொள் என்று. அச்சாபீசில் செய்த தப்புக்கு விலை உண்டு. பூஜைப் பலகையில் செய்த தப்புக்கு இல்லை.

ஞாயிறு காலை கூட்டத்துக்குப் போய்வந்தார். நாற்காலி என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "ஜமக்காளம்தான் முதுகுக்கு நல்லது." சாப்பிட்டு எழுந்தவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அந்தப் பேசினை எங்க வெச்சே?"

ஓடிப்போய் எடுத்துவந்து தண்ணீர் ஊற்றினேன். தாராவிச் சரக்கு ஒரு பிடி மிச்சமிருந்தது. அதோடு ராஜாவையும் தண்ணீரில் போட்டோம். குங்குமம் கரைந்தது, இருந்த கோந்தும் போயிற்று, மஞ்சள் மட்டும் நின்றது. நான்தான் எடுத்துக் காயவைத்தேன். மூச்சு விடாதே என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் தாராவியிலிருந்து வந்து, "ஆளையே காணுமே, பெரிய எடத்துப் பக்கம் போயிட்டீயளோ?" என்று அண்ணாச்சி கேட்டதை அதே குரலில் சொல்லிக் காட்டினார்.

சில மாசம் கழித்து, ஃபோர்ட்டிலிருந்து கொஞ்சம் தயங்கியபடி வீட்டுக்கு வந்தார்.

"அவன்கிட்ட இன்னொண்ணு வந்திருக்கு. ரொம்ப அபூர்வமாம். வாங்கலாமான்னு..."

"பேஷா வாங்குங்கோ," என்றேன். "நான் சந்தனம் அரைச்சு வெக்கறேன்."