ஓட்டக்காரியின் கழித்தல் கணக்கு

பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் என் தம்பி மனைவிக்கு அங்கே ஓட்டக்காரி என்று பெயர். இருக்காதா பின்னே? நோயாளியின் கையில் ரத்தம் எடுத்த கையோடு, குழாயைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் தலைதெறிக்க ஓடுவாள். "கல்யாணமாகி பத்து வருஷமாச்சு, கொஞ்சம் அடக்கமா நடடி!" என்று நான் திட்டாத நாளே கிடையாது.

"அண்ணி, இந்தக் குழாய்ல ரத்தம் உறையாம இருக்க மருந்து எதுவும் போடலை. கொஞ்சம் தாமதமானாலும் அப்படியே கெட்டியாயிடும்" என்பாள். அதற்குள் சுழலும் மெஷினில் வைத்துவிட்டால் சிவப்பெல்லாம் அடியில் இறங்கிவிடும். நடுவில் இளமஞ்சளாக ஒரு கட்டி திரளும். ஃபைப்ரின் என்பாள். பல் பிடுங்கிய குழியில் அதை வைத்தால் புண் ஆற உதவுமாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே, தான் பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

புதிதாக வந்த தலைமை டாக்டர் கெடுபிடியானவர். "இந்தக் கட்டிக்குள்ள தட்டணு எவ்வளவு இருக்கு, வெள்ளையணு எவ்வளவு இருக்கு? எண்ணிக்கை தெரியாம யார் வாயிலயும் வைக்க விடமாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க, இல்லேன்னா நிறுத்திடலாம்" என்று சொல்லிவிட்டார். நிறுத்தினால் இவளுக்குக் கோப்பு அறையில் ஒரு நாற்காலி. நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கலாம். நான் கேட்ட அடக்கம் இதுதானே? ஆனால் அவள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது அந்த அடக்கம் எனக்கே பிடிக்கவில்லை.

கட்டியை நறுக்கினாள், நசுக்கினாள், கரைத்துப் பார்த்தாள். அணுக்களெல்லாம் அந்த வலைக்குள் சிக்கிக்கொண்டு வெளியே வரவே மாட்டேன் என்றன. எண்ணும் மெஷின் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்றது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாங்கிப்போன பிஸ்கட் டப்பாவைக் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் பாதிக்குமேல் காணோம்.

"நான் தொடவே இல்லைக்கா" என்றான் தம்பி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "புளுகாதடா! முப்பது எண்ணி வெச்சேன். பன்னெண்டு மிச்சம் இருக்கு. அப்போ பதினெட்டு உன் வயித்துல இருக்கு. வயித்தக் கிழிச்சுதான் எண்ணணுமா?"

ஓட்டக்காரி எழுந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அண்ணி! கட்டியை எதுக்கு நான் எண்ணணும்? முதல்ல இருந்ததுல மிச்சத்தைக் கழிச்சாப் போதுமே! நாளைக்கே பார்த்துடறேன். ரத்தம் குடுக்கத்தான் ஒரு ஆள் வேணும்."

எனக்கு ஒரு கடைவாய்ப்பல் ஆறு மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. ஊசி என்றால் எனக்கு உயிரே போய்விடும், அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். என் வாய் சும்மா இருந்ததா? "நான் வரேன்டி" என்றுவிட்டது.

மறுநாள் காலை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை நீட்டினேன். மருந்து போட்ட குழாயில் கொஞ்சம் எடுத்தாள், முழு ரத்தத்தை எண்ணுவதற்கு. மருந்து போடாத குழாயோடு ஓடினாள். சுழற்றி முடித்துக் கட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, குழாயில் மீந்ததைக் கலக்கி எண்ணினாள். இரண்டையும் அந்தந்த அளவோடு பெருக்கிக் கழித்தாள். டாக்டர் தாளை வாங்கித் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். தட்டணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கட்டிக்குள்தான் இருந்தன. வெள்ளையணுக்களிலும் பாதிக்குமேல் அங்கேதான்.

"இனிமே எல்லாருக்கும் இப்படியே எண்ணிடுங்க" என்றார் டாக்டர். பல்லைப் பிடுங்கி, என் கட்டியை என் வாயிலேயே வைத்துத் தைத்தார். நான் பஞ்சைக் கடித்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நோயாளியின் ரத்தத்தோடு ஓட்டக்காரி வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாளோ இல்லையோ, புடவையைச் சரிசெய்துகொண்டு அடக்கமாக நடக்க ஆரம்பித்தாள். கையில் குழாய், அதில் ரத்தம் உறைந்துகொண்டிருக்கிறது, இவள் எனக்காக நடக்கிறாள்! எனக்கு வந்ததே கோபம். வாயில் பஞ்சோடு, வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்:

"ஓடுடி!"