எம்பசியில் சொன்னதாக நான் சொன்னது

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில்தான் நான் சமைக்கிற வீடு. வீட்டுக்காரர்கள் கனடாவில். மேல்மாடியை இரண்டு வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஒருவர் ஜெர்மன்காரர். கப்பலில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்று, பன்னிரண்டு வருடமாக இங்கேயே இருப்பவர். மற்றவர் இங்கிலாந்துப் பெண்மணி, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறவர். எனக்கு அவர் சேர், இவர் மெடம். நான் கொட்டாஞ்சேனையில் இருந்து காலை பஸ்ஸில் வந்து, பகலுக்கும் இரவுக்கும் சமைத்து வைத்துவிட்டுப் பின்னேரம் திரும்புவேன்.

கொரோனாவுக்கு ஊரடங்கு போட்ட அன்று திரும்ப முடியவில்லை. வீட்டுக்கார அம்மா கனடாவிலிருந்து கோல் எடுத்து, கீழே பின்னறையில் தங்கச் சொன்னார். நாலைந்து நாள்தான் என்று நினைத்தேன். இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

என் கணவர் அப்போது மாலைதீவில் இருந்தார். அதற்கு முதல் கொழும்பில் ஒரு ஹொட்டேலில் பதினைந்து வருடம் வேலை. முந்தின வருட ஈஸ்டரில் கோயில்களிலும் ஹொட்டேல்களிலும் குண்டுகள் வெடித்த பிறகு வெள்ளைக்காரர் வருவது நின்று, ஆட்களைக் குறைத்தார்கள். அவர் பெயரும் அதில் இருந்தது. பிறகுதான் ஒரு சின்னத் தீவு ஹொட்டேலுக்குப் போனார். காலைச் சாப்பாட்டில் முட்டைக்கு நிற்கிறவர் அவர்தான். விருந்தாளிகள் தட்டோடு வந்து வரிசையில் நிற்க, கேட்டுக் கேட்டு ஒம்லட் போட்டுக் கொடுப்பார். இரண்டாம் நாளே யாருக்கு என்ன வேண்டும் என்று ஞாபகம் வைத்திருப்பாராம். சித்திரை மாதம் லீவில் வருவதற்கு ரிக்கெட் எடுத்திருந்தார். விமான நிலையத்தைப் பூட்டிவிட்டார்கள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் அங்கே, நான் இங்கே. நேரத்திலும் அரை மணித்தியாலம்தான் வித்தியாசம். ஐரோப்பாவில் என்றால் தூரம் என்று மனதை ஆற்றலாம். இது ஒன்றரை மணித்தியாலப் பயணம். பின்னறை யன்னலால் கடல் தெரியும். கோச்சி ஓடாததால் ரயில் பாதையில் நாய்கள் படுத்திருந்தன. அந்தக் கடல் அவர் இருக்கும் தீவுவரை போகிறது என்று நினைத்துப் பார்ப்பேன். நினைத்த உடனேயே, அவருக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று யோசனை வந்துவிடும். காஸ் அடுப்பை மூடினேனா என்று மூன்று தரம் போய்ப் பார்க்கிற ஆள் நான்.

"உன்னைப் பாத்தா காஸ் சிலிண்டருக்கே நெஞ்சு நோகும்," என்பார் அவர்.

தீவில் விருந்தாளிகள் எல்லாரும் போய்விட்டார்கள். நாற்பது வேலையாட்கள் மட்டும் மிச்சம். அவர் போனைப் பிடித்துக்கொண்டு கடலுக்கு மேல் போட்ட பலகைப் பாலத்தில் நடந்து காட்டுவார். இரண்டு பக்கமும் வெறும் அறைகள்.

"பாத்தியே, முழுத் தீவும் எனக்குத்தான்."

"தொப்பி போடுங்கோ, வெயில்."

"இங்க ஒரு சனமும் இல்ல. நீ இன்னும் தொப்பியில நிக்கிறாய்."

கீழே சாப்பாட்டு மேசையில் சேருக்கும் மெடமுக்கும் ஒவ்வொரு பகலும் வாக்குவாதம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, ஆங்கிலம் இப்படி மேசைகளைச் சுற்றி நின்று பிடித்ததுதான். முக்கால்வாசி விளங்கும்.

விமான நிலையத்தைத் திறக்கவே கூடாது என்பது சேரின் கட்சி. "கடலைப் பாருங்கள். பன்னிரண்டு வருடத்தில் இந்த நீலத்தை நான் கண்டதில்லை. விருந்தாளியை நம்பி ஒரு நாடு பிழைக்கலாமா? நெல் விதைக்கட்டும். மீன் பிடிக்கட்டும்."

மெடம் கரண்டியை வைத்துவிடுவார். "உங்களுக்கு மாதம் முடிய பென்ஷன் வருகிறது. யானை காட்ட ஜீப் ஓட்டினவன், ஜீப்புக்குக் கடன் கொடுத்த லீசிங்காரனுக்கு என்ன சொல்வான்? அவனிடம் போய் நெல் விதை என்று சொல்லுங்கள். நானும் கூட வந்து வேடிக்கை பார்க்கிறேன்."

"நீங்கள் டூரிஸ்ட் மாதிரிக் கதைக்கிறீர்கள்," என்பார் சேர்.

அவர்கள் இருவருக்கும் அதைவிடப் பெரிய ஏச்சு கிடையாது. அதோடு மேசையில் சத்தம் நின்றுவிடும். நான் பருப்பைக் கொண்டுபோய் நடுவில் வைப்பேன்.

ஆனால் ஒழுங்கைக்கு மரக்கறி லொறி வரும்போது சேரும் டூரிஸ்ட்தான். ஒரு நாள் பையோடு இறங்கிப் போனவரைப் பார்த்து லொறிக்காரன், "மஹத்தயா, எஹாட்ட யன்ன," என்று கையை வீசினான். அந்தப் பக்கம் போகச் சொன்னான். வெள்ளைக்காரர்தான் கொரோனாவைக் கொண்டுவந்தது என்று அந்த நாளில் எல்லாரும் பயந்துபோய் இருந்தார்கள். சேர் சிங்களத்தில், "நான் இந்த ஒழுங்கைக்காரன்," என்றார். லொறிக்காரன் கேட்கவில்லை. பையை நான் வாங்கிப்போய் போஞ்சியும் தக்காளியும் எடுத்து வந்தேன். அன்று அவர் சாப்பிடக் கீழே வரவேயில்லை. மெடம்தான் தட்டை மேலே கொண்டுபோனார்.

அந்த மேசையில் கேட்பதையெல்லாம் பின்னேரம் கணவருக்குச் சொல்வேன். அவரும் மற்றவர்களுக்குச் சொல்வார். எங்களுடைய ஆட்களுக்கு ஒரு எண்ணம் இருக்கிறது. இங்கே தங்கியிருக்கிற வெள்ளைக்காரருக்கு எல்லாம் முதலே தெரியும், அவர்களுக்கு எம்பசியிலிருந்து செய்தி வரும் என்று. ரீவியில் சொல்வதை நம்பாத என் கணவர், "உங்கட சேர் என்ன சொல்லுறார்?" என்று கேட்பார். சேருக்கு எம்பசியிலிருந்து இமெயில் வருவது உண்மை. அதில் என்ன இருந்தது என்று நான் கேட்டதில்லை.

ஆனி மாதம் அளவில் அவருடைய ஹொட்டேலில் ஒரு கடதாசி கொடுத்தார்கள். ஊருக்குப் போக விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம், விசேட பிளைட் வரும். ஆனால் போனவர்களைத் திரும்பக் கூப்பிடுவோம் என்று வாக்குத் தரமாட்டோம். நிற்கிறவர்களுக்குச் சாப்பாடும் பாதிச் சம்பளமும்.

"என்னப்பா செய்வம்?" என்று கேட்டார். "கொஞ்சப்பேர் நிக்கினம். கொஞ்சப்பேர் போகினம். நாளைக்குப் பேர் குடுக்கவேணும்."

அன்று பகல்தான் சேர், இரண்டு வருடத்துக்கு எந்தத் தீவுக்கும் ஒருவரும் போகமாட்டார்கள், ஹொட்டேல்காரர்கள் எல்லாரும் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார். அது பருப்புக்கும் பொரியலுக்கும் இடையில் சொன்ன பேச்சு. மெடம் அதற்குச் சிரித்தும் விட்டார். எனக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

"எம்பசியில சொன்னவையாம். ரெண்டு வருசத்துக்கு ஒருத்தரும் வரமாட்டினமாம்."

"ஆர், சேருக்கோ?"

"ஓம். இமெயில் வந்ததாம்."

போனில் அவருக்குப் பின்னால் அலை அடிப்பது கேட்டது.

"அப்ப பேரைக் குடுக்கிறன்," என்றார்.

போனை வைத்த பிறகு காஸ் அடுப்பை மூடினேனா என்று போய்ப் போய்ப் பார்த்தேன். சந்தோசத்திலா பயத்திலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வந்து இறங்கியவர்களைத் தெற்கே ஒரு கடற்கரை ஹொட்டேலில் தனிமைப்படுத்தலுக்கு வைத்தார்கள். விருந்தாளி இல்லாத ஹொட்டேல்களை அப்போது அதற்குத்தான் கொடுத்திருந்தார்கள்.

"இத்தின வருசம் ஹொட்டேல் வேலை செய்து, இண்டைக்குத்தான் அந்தக் கட்டில்ல படுக்கிறன்," என்று வீடியோவில் சிரித்தார்.

"சாப்பாடு?"

"வாசல்ல வச்சு, தட்டிட்டு ஓடுறாங்கள். முட்டை அவிச்சிருக்கிறாங்கள் பார், எறிஞ்சா மண்டை உடையும்."

ஊரடங்கு எடுபட்டு நானும் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பினேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் படி ஏறி வந்தார். மெலிந்து, கறுத்து, இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு. அதுவரை நான் காத்திருந்ததெல்லாம் அந்தக் காலடிச் சத்தத்துக்குத்தான்.

இரண்டு கிழமைகூட ஆகவில்லை, மாலைதீவைத் திறந்துவிட்டார்கள்.

அங்கே நின்றவர்கள் படம் அனுப்பத் தொடங்கினார்கள். முதல் வந்த விருந்தாளிகளுக்குப் பூமாலை போடுகிற படம். அவர் நிற்கிற இடத்தில் வேறொருவன் தொப்பியோடு நிற்கிற படம். அவர் பார்ப்பார், போனைக் கவிழ்த்து வைப்பார், திரும்ப எடுத்துப் பார்ப்பார். மருதானையில் ஒரு சோற்றுப் பார்சல் கடையில் வெங்காயம் வெட்டப் போனார். ஐப்பசியில் கொட்டாஞ்சேனையை முழுக்கப் பூட்டியபோது அதுவும் நின்றது. கிழமைக்கணக்கில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில். காலையில் அடுப்படியில் நின்று, "வெங்காயம், மிளகாய், தக்காளி, எது போட?" என்று ஆங்கிலத்தில் கேட்பார், விளையாட்டுக்கு. "என்னெண்டாலும் போடுங்கோ," என்பேன். இப்படிச் சொல்கிற விருந்தாளி அவருக்கு எவ்வளவு சலிப்பு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அவர் அங்கே இருந்தபோது கடலைப் பார்த்து ஏங்கினேன். இங்கே வந்த பிறகு, முன்னால் இருக்கிறவரைப் பார்த்து எப்படி ஏங்குவது என்று தெரியாமல் இருந்தேன். என்னிடம் இருந்தது அவருடைய அரைவாசிதான்.

அடுத்த வருடம் தையில், இங்கேயும் விமான நிலையத்தைத் திறந்த பிறகு, மெடம் பிறந்தநாளுக்கு அப்பம் கேட்டார். நான் சுட்டால் அப்பத்துக்கு ஓரம் சரியாக வராது. கணவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அங்கே சட்டியைச் சுழற்ற, அந்த வீட்டு அடுப்படியே வேறு மாதிரி ஆனது. சேர் ஆறு அப்பம் சாப்பிட்டார். டூரிஸ்ட்டுகள் திரும்பி வருகிறார்கள் என்று ஒரு மூச்சு முறைப்பாடும் செய்தார். மெடம், "நீங்கள் வந்த பிளைட்டிலும் யாரோ இப்படித்தான் முறைப்பாடு செய்திருப்பார்கள்," என்றார்.

கணவர் கையைத் துடைத்துக்கொண்டு சேருக்கு முன்னால் போய் நின்றார். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நல்லது. "சேர், உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். உங்கள் எம்பசிச் செய்தியைக் கேட்டுத்தான் நான் ஊருக்கு வந்தேன்."

நான் கழுவிக்கொண்டிருந்த சட்டியைக் கையில் வைத்தபடி நின்றேன்.

"எந்தச் செய்தி?" என்றார் சேர். "எம்பசி எனக்கு ஒன்றுதான் எழுதியது. ஜெர்மனிக்குப் பிளைட் இருக்கிறது, வருகிறாயா என்று. இல்லை, இதுதான் என் வீடு என்று பதில் போட்டேன்."

"இரண்டு வருடத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று..."

"ஓ, அதுவா? அது நான் சொன்னது. எனக்கு அப்படி நடந்தால் நல்லது என்று இருந்தது."

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னொரு அப்பம் வேண்டுமா என்று சேரிடம் கேட்டார்.

காலி வீதி பஸ் தரிப்பு வரையில் அவர் எனக்கு முன்னால் நடந்தார். பஸ் வந்தது, ஏறவில்லை. இரண்டாவது பஸ்ஸும் போனது.

"உன்ர எம்பசி இப்ப என்ன சொல்லுது?" என்றார். "நூற்று ஐம்பத்தைஞ்சு பஸ்ஸில ஏறட்டோ, நடக்கட்டோ?"

நான் அழத் தொடங்கிவிட்டேன். முகக்கவசத்துக்குள் அழுதால் மூச்சு முட்டும்.

"நீங்க வரவேணும் எண்டு எனக்கு இருந்தது," என்றேன். "ஒவ்வொரு நாளும். வேற ஒண்டும் இல்ல."

"அதைச் சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிச் சொல்லுறது? அங்க வேலை, இங்க ஒண்டும் இல்ல. எனக்காக வாங்கோ எண்டு எப்பிடிக் கேக்கிறது?"

"கேட்டிருந்தா வந்திருப்பன், விசரி," என்றார். "இதே பிளைட்டிலதான் வந்திருப்பன். வந்து இந்தப் போனையும் பாத்துக்கொண்டு இருந்திருக்கமாட்டன். பொய்யாப்போன ஒரு செய்தியை நம்பி ஏமாந்து வந்தது எண்டுதான் இவ்வளவு நாளும் நெஞ்சுக்குள்ள எரிஞ்சது."

மூன்றாவது பஸ்ஸில் ஏறினோம். ஒரு சீட் விட்டு இருக்க வேண்டிய காலம் அது, நாங்கள் ஒட்டியே இருந்தோம். கண்டக்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டார்.

மாசி கடைசியில் பழைய ஹொட்டேலில் இருந்து கோல் வந்தது. அவருடைய இடத்தில் நின்ற பையன் வேறு தீவுக்குப் போய்விட்டானாம். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு நூறு யோசனை. திரும்பப் பூட்டினால்? காய்ச்சல் வந்தால்? கிழமைக்கு ஒருதரம் கோல் எடுக்காவிட்டால்? சேரிடம் கேட்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"எனக்கு நீங்க போறது விருப்பமில்ல," என்றேன். "போகவேண்டாம் எண்டு சொல்லேல்ல. விருப்பமில்ல எண்டு சொல்லுறன்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு போனில், வருகிறேன் என்றார்.

போய் இப்போது பல வருடம். லீவில் வருகிறார், போகிறார். நடுவில் இங்கே பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலமும் வந்து போனது. அப்போது எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தத் தீவுக்கு வந்த விருந்தாளிகளால்தான். சேர் இன்னும் டூரிஸ்ட்டுகளைத் திட்டுகிறார். மெடம் இன்னும் மறுக்கிறார். இரண்டு பேரும் சொல்வது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் அவர்கள் கதையில் யார் யாரை விட்டுப் பிரிந்திருக்கிறார்கள் என்பது வருவதேயில்லை.

அவர் காலை வேலை முடிந்து, தொப்பியைக் கழற்றிவிட்டுக் கோல் எடுப்பார். அங்கே வெயில், இங்கே மழை என்று கொஞ்சம் கதைப்போம். வைப்பதற்கு முதல், "இண்டைக்கு இன்னும் சொல்லேல்லையே," என்பார்.

எனக்கு நீங்க அங்க இருக்கிறது விருப்பமில்ல என்று சொல்வேன். ஓம் என்பார்.