பள்ளிச் சட்டையோடு உதைக்கச் சொன்ன டொறின் டீச்சர்

சென்ற வியாழக்கிழமை காலை ஒரு கலியாணச் சட்டைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தபோது டீச்சரின் பழைய மாணவி வசந்தி கைபேசியில் கூப்பிட்டாள்.

"மாமா, டொறின் டீச்சர் மோசம் போயிட்டா."

எனக்கு எதிலும் பகிடிதான். "என்ன, ஆரையும் அடிச்சுப்போட்டு ஒளிச்சிருக்கிறாவா?" என்று கேட்டேன். மறுபக்கத்தில் அழுகைதான் கேட்டது. டீச்சர் உண்மையிலேயே இறந்துபோயிருந்தார். கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அந்தச் சட்டை இன்னும் ஒரு கையோடுதான் கிடக்கிறது.

டீச்சரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர், போர்த்துக்கேயர் ஒல்லாந்தர் வழிவந்தவர். தகப்பனார் தச்சு வேலை செய்தவர். டீச்சர் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி படிப்பித்தார். கொழும்புக்குப் பயிற்சிக்குப் போன இடத்தில் கராத்தேயும் பழகிக்கொண்டு வந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கைவிட்ட தையற்காரன்.

சுனாமிக்குப் பிறகு குருக்கள்மடத்து முகாமில்தான் அவரைச் சந்தித்தேன். என் கடையைக் கடல் கொண்டுபோயிருந்தது. மெஷின் மட்டும் மணலுக்குள் கிடந்து கிடைத்தது. டீச்சர் நகரத்திலிருந்து சைக்கிளில் வருவார். அந்த முகாமில் குமர்ப்பிள்ளைகள் மலசலகூடத்துக்குப் போவதற்கும் துணை தேடவேண்டியிருந்தது. அதைக் கண்ட மறுநாளே வாவிக்கரையில் பத்தொன்பது பிள்ளைகளை நிறுத்தி உதைக்கப் பழக்கத் தொடங்கினார்.

நான் சும்மா இருப்பேனா? "டீச்சர், உங்கட ஆக்கள் வந்து கோட்டை கட்டினவங்க. நீங்க ஓடு உடைக்க வந்திருக்கிங்க" என்றேன்.

"முதல்ல உங்கட வாயத்தான் உடைக்கணும், டெயிலர் அண்ணன். அதுதான் கோட்டையவிடப் பெரிசு" என்றார்.

பிள்ளைகளுக்கு வெள்ளைத் துணியில் கராத்தே உடுப்புத் தைக்கச் சொன்னார். முகாமில் அப்போது சாவு இல்லாத கூடாரம் இல்லை. வெள்ளையைக் கண்டாலே பெண்கள் அழுதார்கள். நான் என் மூளையைப் பாவித்தேன். நிவாரணத்துக்கு வந்த பொதியில் தடித்த கரும்பச்சைத் துணி ஒரு சுருள் கிடந்தது. டீச்சரிடம் கேளாமலே அதில் பத்தொன்பதையும் தைத்தேன். தைத்த கை அதோடு நிற்கவில்லை. நெஞ்சில் ஆளுக்கு இரண்டு பையும் வைத்தேன், மூடி போட்டு.

பிள்ளைகள் அவற்றைப் போட்டுக்கொண்டு வாவிக்கரையில் வரிசையாக நின்றார்கள். டீச்சர் சைக்கிளை விட்டு இறங்குவதற்குள், விறகு பொறுக்க வந்த ஒரு தாய் கண்டுவிட்டாள்.

"ஐயோ! எங்கட புள்ளயள இயக்கத்துக்குக் கொண்டு போறாங்க!"

நான் தைத்தது அச்சாக இயக்கத்துப் போராளிகளின் சீருடை போலவே இருந்தது; பிள்ளைகளைப் படைக்குப் பிடித்துப்போவார்கள் என்ற பயம் அக்காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்தது. கலியாணம் முடித்தவளைப் பிடிக்கமாட்டார்கள் என்று பதினைந்து வயதில் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தித் தாலி கட்டிவைத்தார்கள். தாய்மார் ஓடிவந்து ஆளுக்கொரு பிள்ளையை இழுத்துப் போனார்கள். பின்னேரம் இராணுவச் சோதனைச்சாவடியிலிருந்து விசாரிக்க வந்தார்கள். யார் தைத்தது என்று கேட்டார்கள். நான் என் மெஷினுக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தேன்.

"நான்தான் தைக்கச் சொன்னன். என்னக் கேளுங்க" என்றார் டீச்சர்.

அடுத்த நாள் முழுக்க அவரை வைத்து விசாரித்தார்கள். என் பெயரை அவர் சொல்லவில்லை. நானும் எழும்பிப் போய்ச் சொல்லவில்லை. வாய் பெரிது என்று பெயரெடுத்தவன் அன்றைக்கு வாய் திறக்கவில்லை என்பதை இப்போதாவது எழுதிவைக்கிறேன்.

திரும்பி வந்தவர் நேரே என்னிடம்தான் வந்தார்.

"அந்தப் பை என்னத்துக்கு வச்சிங்க?"

"லேஞ்சி வைக்க, டீச்சர்."

"சண்டைக்குள்ள நிண்டு மூக்குச் சிந்தவா?" என்றார். பிறகு இருவரும் சிரித்தோம். சிரித்து முடிய, "மறுகாவும் தொடங்குறம். இந்த முறை பள்ளிக்கூடச் சட்டையோட" என்றார்.

வெள்ளைதான் என்றாலும் பள்ளிச் சட்டையை யாரும் எதுவாகவும் பிழையாக நினைக்க முடியாது. உள்ளே போட நீளக் காற்சட்டை மட்டும் நான் தைத்தேன், பை இல்லாமல். அதிலிருந்து டீச்சருக்கு ஒரு சட்டமும் பிறந்தது: அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகாதவளுக்கு வகுப்பில்லை. கணக்குக் கொப்பியைக் காட்டிவிட்டுத்தான் உதைக்கலாம். தாய்மாரையும் கரையில் வந்து உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். ஒவ்வொருத்தியாகப் பதினெட்டுப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

வராதவள் வசந்தி. தாயைக் கடல் கொண்டுபோன பிள்ளை. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுக்கத் தகப்பன் பேசி முடித்திருந்தார். டீச்சர் அவருடைய தோணியடிக்கே போனார். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் போனேன். வசந்தியும் தகப்பனுக்குப் பக்கத்தில் தண்ணீரில் நின்றாள்.

"தாய் இல்லாத புள்ள, டீச்சர். அவளுக்கொரு பாதுகாப்பு வேணும்."

"அவள் சின்னப் புள்ள. கொண்டுபோய் ஒரு ஆம்புளட்ட குடுத்தாப் பாதுகாப்பா? உங்கட மகள்ட கையப் புடிங்க பாப்பம். விடாம இறுக்கிப் புடிங்க."

அவர் பிடித்தார். வலை இழுத்த கை. வசந்தி மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினாள். அடுத்த கணம் தகப்பன் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். நான் சிரித்ததுதான் பிழை. அவர் எழும்பி, ஈரச் சாரத்தோடு கரையேறிப் போய்விட்டார். காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவர் என் கூடாரத்துக்கு வந்தார். மகளின் பள்ளிச் சட்டையை மெஷின் மேல் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கீழ் மடிப்ப அவுத்து நீட்டி விடு. இன்னும் ரெண்டு வருசம் பள்ளிக்குப் போகக் காணும்."

டீச்சரிடம் சொன்னேன். அவர் சைக்கிளைத் திருப்பி வைத்து, அதன் சங்கிலியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு உன்னிச்சைப் பக்கத்திலிருந்து சண்டைக்குப் பயந்து சனம் இடம்பெயர்ந்து வந்தது. அந்தப் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். கடைசியில் யுத்தம் முடிந்தது. "இனி என்னத்துக்கு இந்தக் கராத்தே?" என்று ஒரு பெரிய மனிதர் கேட்டார்.

"துவக்குச் சண்டைதான் முடிஞ்சுது. பஸ்ஸில உரசுறவனுக்கு ஆர் சொன்ன முடிஞ்சுதெண்டு?" என்றார் டீச்சர். பெரிய மனிதர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவரை அடக்கம் செய்தோம். பழைய பிள்ளைகள் கைக்குழந்தைகளோடும் வந்திருந்தார்கள். இப்போது படிக்கிற பிள்ளைகளின் தாய்மார் ஒரு மூலையில் நின்று, "இனி ஆர் படிப்பிக்கிற? இதோட முடிஞ்சுதா?" என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். வசந்திக்கு அது கேட்டது. அவள் இன்று கணித ஆசிரியை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாவிக்கரைக்கு நடந்தாள்.

ஒரு முதியவர் மறித்தார். "புள்ள, அடக்கம் பண்ணின நாளில சத்தம் போடலாமா?"

"மன்னிச்சுக்கங்க, ஐயா. இண்டைக்கும் வகுப்பிருக்கு" என்றாள்.

பிள்ளைகள் கொப்பிகளைக் கரையில் அடுக்கிவிட்டு வரிசையில் நின்றார்கள். ஒரு சின்னப்பெண் அழுதுகொண்டே உதைத்தாள். உதை பிழைத்தது. "அழு, ஆனா காலத் தூக்கு" என்றாள் வசந்தி. அடுத்த உதைக்கு எல்லாரும் சேர்ந்து போட்ட சத்தத்தில் வாவியில் நின்ற கொக்குகள் கிளம்பிப் பறந்தன.

போய்த்து வாங்க, டீச்சர். இஞ்ச வகுப்பு நடக்குது.